கசிவு

ஊர்த் தொட்டிக்கு வால்வு திருகுகிறவன் நான்.
முப்பதாயிரம் லிட்டர். ஐந்து வீதி, ஒரு காலனி,
மில் குவாட்டர்ஸுக்கு ஒரு குழாய்.
எந்த வீதிக்கு எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் என்று
நீள நோட்டில் எழுதி
மாசம் ஒருக்கா மூலனூர் ஆபீசில் கையெழுத்து வாங்கோணும்.

தோட்டத்துக்கென்று அதில் கட்டம் கிடையாது.

தோட்டமென்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம்.
அடுத்தவன் காட்டில் மேய்ந்த மாட்டை
முன்னே அடைத்து வைத்த தொண்டுப்பட்டி.
மாடு குறைந்தபின்
பாலிதீனும் உடைந்த பீங்கானும்
மண்டபத்து எச்சில் இலையும் அடைபட்டுக் கிடந்தன.
பதினாலு பிள்ளைகள் முழுப்பரீட்சை லீவில் அள்ளினார்கள்.
மூணு லோடு.
நாலாவதுக்கு டிராக்டர்காரன் வரவில்லை,
சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

அப்புறம் ஒரு சாயங்காலம்
கோழிப்பண்ணைச் சென்னியப்பன் மகள் மௌனிகா
தொட்டிக்கடியில் வந்து நின்றாள்.
"ஏனுங்ண்ணா, பத்தே நிமிசம்."

பத்து நிமிடம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.
கடைவீதிக் குழாயடியில் இரண்டு சண்டை.
மாட்டேன் என்றுதான் சொன்னேன்.
அவளுக்குப் பின்னால் குவாட்டர்ஸ் பையன் பிகாஷ்,
வீட்டில் ஒடியாவில் திட்டு வாங்குகிறவன்,
என்னைவிடச் சுத்தமான கொங்குத் தமிழில்:
"வெண்டை வாடுதுங்ண்ணா,
ஒரு எட்டு வந்து பாத்துப்போட்டுப் போங்கோ."

பார்க்காமலே திறந்துவிட்டேன்.
பார்த்தால் பதினைந்தாகிவிடும் என்று பயம்.

அன்றைக்கு நோட்டில் எழுதினேன்:
தொண்டுப்பட்டி அருகே கசிவு. பத்து நிமிடம்.

ஆனியில் கசிந்தது.
ஆடிக்காற்று அவரைப் பந்தலைத் தூக்கிக்
கிளுவை வேலியில் போட்ட அன்றைக்கும் கசிந்தது.
ஆவணியில் பதினாலு பேர் ஒன்பதானார்கள்.
டியூசன். செல்போன்.
ஒருத்திக்கு மட்டும் அம்மா,
"அந்த வீதிப் பிள்ளைகளோட உனக்கென்ன மண்ணு?"
அதே வாரம் அரசாணிக்கொடி சுவரேறி
அந்த அம்மாவின் பொடக்காளியில் இறங்கிக் காய்த்தது.
யார் காய் என்று கேட்டால் வம்பு.
யாரும் கேட்கவில்லை.
குழம்பு வாசம் மட்டும் சுவர் தாண்டி இந்தப் பக்கம் வந்தது.

வியாழன் சந்தையில் சாக்கு விரித்தார்கள்,
ஒட்டன்சத்திரத்து வண்டி இறக்கிய தக்காளிமலைக்குப் பக்கத்தில்.
கோணல் சுரைக்காய். துளை விழுந்த கத்தரி.
"புழுவே திங்குது, நம்பித் திங்கலாம்" என்று
அட்டையில் எழுதி வைத்தான் பிகாஷ்.
மீந்ததெல்லாம் சத்துணவுக்கு.
சாம்பாரில் காய் தட்டுப்படுகிறதென்று
ஒரு வகுப்பே கரண்டியைத் துழாவியதாம்.

மார்கழியில் ஜீப் வந்தது.
"இருநூறு நாளா ஒரே இடத்துல கசிவு.
ஏன் அடைக்கல?"
வாயில் எதுவும் வரவில்லை. கூட்டிப்போனேன்.
வழியெல்லாம்
மில்லில் நைட் ஷிப்டுக்கு ஆள் எடுக்கிறார்களா
என்றே யோசனை.

படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.
அவரை அங்கே யாருக்கும் தெரியாது.
மௌனிகா தராசிலிருந்து நிமிரவில்லை.
"வெண்டை அரைக் கிலோ பன்னண்டு ரூவாங்க.
பை கொண்டாந்தீங்களா?"
கையில் ஃபைல்தான் இருந்தது.
கர்சீப்பில் முடிந்துகொண்டார்.
இருபது ரூபாய்த் தாள். சில்லறை இல்லை.

ஜீப்பில் உட்கார்ந்து ஒன்றை ஒடித்தார்.
பட்டென்று ஒடிந்தது.
பச்சையாகவே மென்றுகொண்டு என் நோட்டை வாங்கி,
"கசிவு பார்வையிடப்பட்டது" என்று எழுதினார்.
அடை என்றும் இல்லை. விடு என்றும் இல்லை.

மௌனிகாவின் கணக்கில் ஒரு வரி இருக்கிறது:
ஜீப்புக்காரருக்கு எட்டு ரூபாய் தரோணும்.
தை பிறந்து மூணு வாரம். அவர் வரவில்லை.
எட்டு ரூபாய் விதை டப்பாவில் தனியே கிடக்கிறது.

நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்,
பத்து நிமிடம் என்று.
இப்போதெல்லாம் போய்ப் பார்க்கிறேன்.
பதினைந்து ஆகிறது.